ஆஜர்

மேயோ ஹாலுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடையை ஒட்டி
என் கம்ப்யூட்டர். பக்கத்துக்கு முப்பது ரூபாய்.
விண்ணரசியின் மனு ஏழு பக்கம்.
ஐந்தாம் பக்கத்தில் குக்கர் மூடி வருகிறது.
வக்கீல் சொல்லச் சொல்ல அடித்துக்கொண்டு வந்தவன்
அங்கே நிறுத்தி
சுவரைப் பார்த்துவிட்டு அடித்தேன்.

கோர்ட் கேட்டால் சொல்வதற்கு
லிங்கராஜபுரத்திலிருந்து பஸ்ஸில்
ஒத்திகை பார்த்தபடி வந்திருந்தாள்,
தமிழில் ஒருமுறை, கன்னடத்தில் ஒருமுறை.
டவாலியின் வாயில் தன் பேர் எப்படி உடையுமோ,
உடைந்து வந்தால் தனக்கே புரியாதோ என்று
தண்ணீர் குடிக்கவில்லை. பாத்ரூம் போகவில்லை.

வராதவர்களைக்கூட மூன்று முறை கூப்பிடுவார்கள் அங்கே.
செத்துப்போன ஒரு பிரதிவாதியைப்
போன மாசம் கூப்பிட்டதை நானே கேட்டேன்.
வாசல்வரை வந்து
வராந்தாவின் இரண்டு பக்கமும் திரும்பி
தொண்டை கிழிய.

இவளை ஒருமுறையும் கூப்பிடவில்லை.

ஐந்தேகாலுக்கு வக்கீலின் ஜூனியர்
செல்போனை நீட்டினான். இரண்டே வரி.
மனு பரிசீலிக்கப்பட்டது. உடனடி ஆபத்துக்கு
முகாந்திரம் இல்லை, தள்ளுபடி.
"பாத்தாங்களா?"
"பேப்பரைப் பாத்தாங்க."
துப்பட்டாவைக் கழுத்திலிருந்து கொஞ்சம் இறக்கி
"இது பேப்பர்ல இல்லையே" என்றாள்.
ஜூனியர் தன் ஷூவைப் பார்த்தான்.

நகல் எதிர்மனுதாரருக்கும் போகும்
மனுவோடு சேர்த்து.
மனுவின் முதல் பக்கம், மூன்றாம் வரி:
தற்போதைய முகவரி.
அக்கா வீடு, இரண்டாம் மாடி,
தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்ப்புறம்.
படிவம் கேட்டது. நான்தான் அடித்தேன்.
ஒரு எழுத்துத் தப்பில்லாமல், பின்கோடு உட்பட.

மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் உண்டு.
இன்றைக்கே ஆரம்பிக்கலாம், காசு வேண்டாம் என்றேன்.
நூறு ரூபாயை மவுசுக்கு அடியில் வைத்துவிட்டு
ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.
சட்டப் பிரிவுகளை வக்கீல் பிறகு நிரப்பட்டும்,
முதல் காரணம் அவள் சொன்னது:

காலை பத்தரையிலிருந்து
மூன்றாவது பெஞ்சில், சுவரோரம், நான் இருந்தேன்.

'மனுதாரர் இருந்தார்' என்று அடித்தேன், வழக்கப்படி.
திரையை எட்டிப் பார்த்துவிட்டு
"நான்னே இருக்கட்டும்ணா" என்றாள்.

அழித்துக்கொண்டிருக்கும்போது
வெளியே ஒரு பைக் வந்து நின்றது.
இரண்டு பேருமே திரும்பினோம்.