பன்னிரண்டாவது மூடி

ஊசிமருந்துக் குப்பி திறக்கையில்
பெருவிரல் பட்டுத் தெறிக்கும் மூடிக்கு
ஒரு சின்னச் சத்தம் உண்டு.
பதினாறு வருடம் அதைக் கேட்டிருக்கிறேன்.
மூடியைப் பார்த்ததில்லை.

பங்குனியில், வெக்கை இறங்காத ஓர் இரவுக் கடமையில்
ஒன்று உருண்டு வந்து என் செருப்பில் முட்டி நின்றது.
நீலம்.
காலை ஐந்தே முக்காலுக்கு
உட்துறைமுகம் கொஞ்ச நேரம் உடுத்திக் கழற்றுகிற நீலம்.
களவெடுத்தவள் மாதிரிச் சுற்றிப் பார்த்துவிட்டுச்
சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அன்றோடு என் கண் கெட்டுப்போயிற்று.
வங்கி வரிசையில் நின்றால்
முன்னால் நிற்பவரின் பேனா மூடியைத்தான் பார்க்கிறேன்.
ஊதா, செம்மஞ்சள், வெளிறிய ரோஸ்:
ஜாம் போத்தல் மூன்று நிறைந்தது.
ஆறாம் வார்ட்டில் எரிந்துபோன மின்விசிறியின் வயிற்றிலிருந்து
செம்புக்கம்பி உருவித் தந்தான் திருத்த வந்த றிஸ்வி.
“என்னத்துக்கு மிஸ்?”
“தெரியாது” என்றேன்.
உண்மையும் அதுதான்.

முதல் சோடித் தோட்டில்
ஒரு காதுக்கு ஒரு நீளம், மற்றதற்கு வேறு நீளம்.
குவாட்டர்ஸ் குசினியில் போட்டுக்கொண்டு குனிந்தேன்,
பருப்புச் சட்டிக்குள் விழுந்தது ஒன்று.
இரண்டாம் சோடி கழுத்தைக் கீறியது.
மூன்றாவதோடு கடமைக்குப் போனேன்.
நிலூகா “லஸ்ஸனய்” என்றாள்,
மேற்றன் “கழற்று” என்றார்,
இரண்டும் ஒரே நிமிடத்தில்.
மேற்றன் இல்லாத இரவுகளில் மட்டும்
போட்டுக்கொண்டேன்.

என் மனுசன் கணக்காளர்.
“இதை வித்தா என்ன வரும்?”
விக்கிறதுக்கில்லை.
“அப்ப ஏன்?”
ஞாயிறு தவறாமல் தூண்டிலோடு இறங்குதுறைக்குப் போய்
வெயிலைப் பிடித்துக்கொண்டு வருகிற ஆளை
ஏன் என்று நான் எப்போதாவது கேட்டேனா?

பத்தாம் கட்டிலுக்கு வந்தவர்
சம்பூர்க் கோமளேஸ்வரி.
காலில் ஆணிக்காயம், இரவு ஒன்பதுக்கு ஊசி.
இரண்டாம் இரவு என் காதையே பார்த்துக்கொண்டிருந்தார்.
“மிஸ், காதில கிடக்கிறது என்ர மருந்தெல்லோ?”
செம்மஞ்சள். ஓம், அதே மருந்து.
“அப்ப என்ர மூடியெல்லாம் எனக்கு.
நேற்றையதும் சேர்த்து.”

என் முறை இல்லாத இரவுகளில் நிலூகா எடுத்துவைத்தாள்.
கொதிதண்ணீரில் போட்டு, சூடுகாட்டிய ஊசியால் துளைத்து,
கம்பி வளைத்து, விரல் வெந்து,
ஒரு காப்பு ஆயிற்று.

துண்டு வெட்டிய அன்று கொடுத்தேன்.
“வடிவு” என்பார் என்று காத்திருந்தேன்.
அவர் எண்ணினார்,
ஒவ்வொன்றிலும் பெருவிரலை அழுத்தி.
“பதினொண்டு.
எனக்குப் போட்டது பன்னிரண்டு.”

அட்டையைப் பார்த்தேன். பன்னிரண்டுதான்.
கட்டிலுக்குக் கீழே தேடினேன்,
தள்ளுவண்டியின் தட்டுகளில், குப்பைக்கூடையில்.
குவாட்டர்ஸ் வேலியோரம் மான் ஒன்று
எதையோ மென்றுகொண்டு நின்றது.
அதை விசாரிக்க வழியில்லை.

“இதே நிறத்தில வேற இருக்கு, போட்டுத் தாறன்.”
“வேற ஆற்றையும் வேண்டாம் மிஸ்.
அந்த இடத்தை விட்டிடுங்கோ.”

விட்டேன்.
மூடி இல்லாத இடத்தில் வெறுங்கம்பியை
ஒரு சுற்றுச் சுற்றினேன்.
என் கை அதுவரை
இவ்வளவு ஒழுங்கான வட்டம் வளைத்ததில்லை.
கோமளேஸ்வரி காப்பைப் போட்டுக்கொண்டு
“பஸ்ஸில கால் குத்தினா?” என்று கேட்டு
இரண்டு பனடோல் கூடுதலாக வாங்கிக்கொண்டு போனார்.

ஆவணியில் சீருடையை மினுக்கும்போது
இஸ்திரிப்பெட்டி எதிலோ இடறியது.
சட்டைப்பையின் ஓட்டைவழி இறங்கி
மடிப்புத் தையலுக்குள்ளே கிடந்தது,
எத்தனை தோய்ச்சல் கண்டதோ,
நிறம் பாதி போய்.

யன்னல் கட்டில்
தூண்டில் முள் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.
“இதை என்ன செய்யப் போறாய்?” என்கிறார்.
தெரியாது.
இன்னும் துளை போடவில்லை.