தோலாக்

ஃபிரிட்ஜ் தவணை கட்டியாகிவிட்டது.
சீட்டை நான்காக மடித்து
கைப்பேசி உறைக்குள் செருகும்போதே
தேவகுஞ்சரி கேட்டாள்:
"பசிக்குதா, இல்ல சும்மா நிக்கிறியா?"

லாபிஸ் கடைத்தெருவில் மணி ஒன்றே கால்.
எதிரே, முன்பு சைக்கிள் கடை இருந்த இடத்தில்
கண்ணாடி போட்ட புதுச் சாப்பாட்டுக் கடை.
வாசல் பலகையில் சாக்பீஸ் எழுத்து:
நாசி கோரிங் கம்போங், ஒன்பது வெள்ளி தொண்ணூறு.
"பத்துன்னு எழுதிட்டா என்னாவாம்?
அந்தப் பத்துக் காசு என்னா பாவம் பண்ணுச்சு?"

வழக்கமாக நாங்கள்
பஸ் நிலையத்து ஒட்டுக்கடையில் மீ கோரிங் கட்டச் சொல்லி
மோட்டார் கூடையில் போட்டுக்கொண்டு
இருபத்திரண்டு கிலோமீட்டர் தோட்டத்துக்குப் போய்
ஆறிப்போனதை அவரவர் வீட்டில் தின்கிறவர்கள்.
இன்றைக்கு உட்கார்ந்து சாப்பிட்டால் என்ன
என்று யார் முதலில் கேட்டது, நினைவில்லை.
நானாகவும் இருக்கலாம்.

வெயிலில் நின்றே கணக்குப் போட்டோம்.
இரண்டு தட்டு. இரண்டு ஐஸ் தே.
வரி தனி. எங்கேயும் எழுதியிருக்காது,
ஆனால் இருக்கும்.
முப்பது வெள்ளி.
பதினாறு லிட்டர் பம்பு முதுகில் ஏறி
மதியம் வரைக்கும் இறங்காத அரை நாள்.

"அரை நாள உக்காந்து தின்னுட்டுத்தான் போவமே" என்றாள்.
பிறகு அவளே கையை நீட்டி,
"நகத்தப் பாரு."
மூன்று தடவை சோப்புப் போட்டும்
நகக்கண்ணில் மருந்தின் நீலம்.
என் கையை நான் நீட்டவில்லை.

கதவில் 'தோலாக்' என்று எழுதியிருந்தது.
தள்ளு என்று அர்த்தம்.
மூன்றாம் படிவத்தோடு நின்றவள் நான்;
அங்கே கணக்கில் கழித்தலுக்கும் அதே மலாய்ச் சொல்.
பத்து தோலாக் மூன்று, ஏழு.
வேண்டாம் என்று திருப்பி அனுப்புவதற்கும் அதுவேதான்,
வீட்டுக்கடன் மனு திரும்பி வந்தபோது தெரிந்தது.
ஒரு கதவுக்கு இத்தனை வேலையா.

தள்ளத்தான் போனேன்.
உள்ளங்கை கண்ணாடியில் பட்டுக் குளிர்ந்தது.
அப்போதுதான் அவனைப் பார்த்தேன்:
கறுப்புச் சட்டை, கையில் நான்கு தட்டு.
சொஹேல்.
எட்டாம் பிளாக்கில் குலை வெட்டியவன்.
ஏப்ரலில் ஓர் இரவு
பாஸ்போர்ட்டை ஏஜெண்டிடமே விட்டுவிட்டு
ஓடிப்போனவன்.
மார்பு அட்டையில் வேறு யாருடைய பெயரோ.
மண்டோர் இன்னும் தேடுகிறார்,
படத்தை எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறார்.
என் கைப்பேசியிலும் இருக்கிறது,
தவணைச் சீட்டுக்குப் பக்கத்தில்.

அவனும் பார்த்துவிட்டான்.
தட்டுகள் ஆடவில்லை.
அவன்தான், ஒரு கால் முன்னே வைத்தபடி,
அடுத்ததை மறந்துபோனான்.

"வா, போலாம்."
"என்னாடி, முப்பது வெள்ளிக்கா?"
"ஆமா. முப்பது வெள்ளிக்குத்தான்."
தேவகுஞ்சரி எதையும் பார்க்கவில்லை.
சொல்லியிருக்கலாம். அவளுக்கு வாய் நிற்காது;
கெட்டவள் இல்லை, வாய்தான்.

ஒட்டுக்கடையில் இரண்டு மீ கோரிங், உறைப்புத் தூக்கலாக.
மோட்டாரைத் திருப்பும்போது பார்த்தேன்,
அவன் கதவருகே துணியோடு நின்று
என் கைத்தடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்,
திரும்பத் திரும்ப, ஒரே இடத்தை.
போகாது.
நான் வைத்தது வெளிப்பக்கம்.

ஹெல்மெட் வாரை இழுத்துக்கொண்டே
தேவகுஞ்சரி பின்னாலிருந்து சொன்னாள்:
"அடுத்த தவணைக்கு வர்றப்ப கண்டிப்பா உக்காந்து சாப்புடுறோம்."
சரி என்றேன்.
இன்னும் பதினான்கு தவணை இருக்கிறது.