செல்லாத தாள்

பூசை முடிந்த ஞாயிறுகளில்
சக்கிறீஸ்து அறை மேசையில் பழைய பீடத்துணி விரித்து
காணிக்கைப் பையைக் கவிழ்ப்போம்,
நானும் கரேன் சாமியும்.

சோ ததேயு என்று பெயர்.
தமிழில் பூசை வைக்க மூன்று வருடமாய்ப் படிக்கிறார்,
பர்மிய எழுத்தில் எழுதிவைத்து.
ழகரம் மட்டும் அவர் நாக்கில் ஏறாது.
"உங்களுக்கு நிலைவாய்வு உண்டு"
என்று கை விரித்து அவர் சொல்லும்போது
பெஞ்சு பெஞ்சாய் இருமல் எழும்பும்.
மோல்மேனில் எல்லாருக்கும் சளி என்று நினைத்து
ஒருமுறை ஆடாதோடைக் கஷாயம் போடச் சொன்னார்.

மழை தகரத்தில் இறங்கினால் எண்ணிக்கை தவறும்.
மறுபடி ஒன்றிலிருந்து.
ஐம்பது, நூறு, இருநூறு,
எப்போதாவது ஓர் ஆயிரம்,
ஒரு சட்டைப் பொத்தான்.
(நான் தைத்த சட்டை. யாருடையது என்று தெரியும்.
சொல்லமாட்டேன்.)

அப்புறம் அது.
நாலாய் மடித்து, மடிப்பில் வெளுத்து,
எழுபத்தைந்து கியாட்.
எண்பத்தேழில் ஒரு நாள்
வானொலி செல்லாது என்று சொல்லிவிட்ட தாள்.
வாரம் ஒன்று. தவறாது.

பேரவையில் பேச்சு வந்தது.
"ஆண்டவரையே ஏய்க்கிற வேலை,
பீடத்திலிருந்து அறிக்கையிடுங்க" என்றார் இஞ்ஞாசி.
கூரைக்கு வழியில்லை, ஜெனரேட்டருக்கு டீசலில்லை,
இதில் இது வேறயா என்றாள் மரியதங்கம்.
சாமி என்னைப் பார்த்தார்.
"நோட்டில் எழுதினீங்களா?"
"என்னன்னு எழுத, சாமி?"
"வந்ததை வந்தது என்று."
வரவு: தாள் ஒன்று.
தொகைக்கு நேரே நான் போட்ட சைபரை
அவரே அழித்து, இடத்தைச் சும்மா விட்டார்.

ராயப்பன்தான். அரிசி மில்லில் கணக்கெழுதியவர்.
மூன்றாம் தூணருகே பையை நீட்டுவேன்;
மூடிய கை உள்ளே இறங்கி
கடன் அடைப்பவரின் நிதானத்தோடு திறக்கும்.
மகள் மார்சலின் கல்யாணத்துக்கென்று
பிஸ்கட் டின் நிறையச் சேர்த்தது.
கல்யாணம் நடந்தது. இருபது பேர், ஆளுக்கொரு தேநீர்.
என் அம்மா தைத்த வெள்ளை உடுப்புக்குக்
கூலி இன்னும் பாக்கி.
அம்மா கேட்கவில்லை. நானும்.

மாதா கொடியேற்றத்துக்கு முந்தின ஞாயிறு
தாள் வரவில்லை.
பையை உதறினோம். உள்தையலைப் பிரித்தேன்.
சாமி மேசைக்கடியில் தவழ்ந்து
ஒரு மெழுகுவர்த்தித் துண்டோடு வெளியே வந்தார்.
அன்று ஆயிரம் மட்டுமே பதினாறு விழுந்திருந்தது,
அதை இரண்டு பேருமே எண்ணவில்லை.

அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு
சைக்கிளை எடுத்தார். குடை எடுக்கவில்லை.
கணக்கு முடியாமல்
பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தபோது முழங்கால்வரை சேறு.
"காய்ச்சல். நற்கருணை வாங்கினார்.
கஞ்சி குடிச்சார். உப்பு பத்தலைன்னு
மகளோட சண்டை போட்டார்."
சட்டைப்பையிலிருந்து, பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து,
நனையாத இரண்டு தாள்.
"ஒண்ணு இந்த வாரம். இன்னொண்ணு வட்டியாம்."

"டின்னில் இன்னும் எவ்வளவு இருக்காம்?"

"கேட்டேன்.
நிலைவாய்வு வரைக்கும் வரும்கிறார்."

எனக்கு இருமல் வந்தது.
சாமி முதுகில் தட்டிக்கொடுத்தார்,
தண்ணீர் கொண்டுவரப் போனார்.

வரவு: தாள் இரண்டு.
ஈரக் கையில் மை பரவி
கீழ் வரியில் இறங்கியது,
டீசல், எட்டாயிரம், என்று எழுதியிருந்த இடத்தில்.