நாலு பை

மேலப்பாளையத்துத் தையற்காரர் மசூது
டேப்பைக் கழுத்தில் போட்டபடி கேட்டார்:
"சுடிதாருக்கு நாலு பையா? என்னத்தம்மா வைக்கப் போறீய?"
கல்லு, என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
எத்தனை கிலோ என்றார்.

அதுவரை தம்பியின் பழைய சட்டைதான்.
பொத்தான் எதிர்ப்பக்கம், தோள் தொங்கும்,
ஒரே பையில் லென்ஸும் அமிலக் குப்பியும்
இடித்துக்கொண்டே வரும்.
தாழையூத்துச் சுரங்க வாசலில் காவலாளி
எனக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்,
ஜியாலஜிஸ்ட் சார் எங்கே என்று.

அமிலம் ஒரு சொட்டு விழுந்தால்
சுண்ணாம்புக்கல் நுரைத்துப் பேசும்.
துப்பட்டா பேசாது.
இரண்டு நாள் கழித்து ஓட்டை.
"பூச்சி அரிச்சிட்டா?" என்றாள் அண்ணி.
ஆமாம் என்றுவிட்டேன்.

இட்டமொழித் தேரியில், சுத்தியலை மறந்த நாள்,
செம்மணல் அடுக்கில்
அளவுக்கு ஒரு ஊக்கைக் குத்திப் படமெடுத்தேன்.
கருத்தரங்குத் திரையில் அது ஆளுயரம்.
"அதென்ன, சேஃப்டி பின்னா?"
முன்வரிசையில் சிரிப்பு.
மூன்றரை சென்டிமீட்டர், என்றேன்.
அதன் ஜோடி என் தோளில்
புடவையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

புடவைக்குப் பை கிடையாது.
காட்டவென்று கொண்டுபோன கார்னெட் துண்டை
இரண்டு மணிநேரம் உள்ளங்கையில் வைத்திருந்தேன்.
கைகுலுக்க வந்தவர்களுக்கு
ஒற்றைக் கையால் வணக்கம்.

மசூது கான்வாஸ் வைத்து இரட்டைத் தையல் போட்டிருக்கிறார்.
கூலி இருபது ரூபாய் கூட.
எண்ணிப் பார்த்தால் ஐந்து பை,
ஐந்தாவது தீப்பெட்டி அளவு.
இது எதுக்கு?
"சில்லறைக்கு.
டீக்கடையில கல்லையா குடுப்பீய?"