மறுகா

குருமண்வெளித் துறையில் பாதை என்பது
தரையில் கிடப்பதல்ல,
மிதப்பது.
மோட்டார் சைக்கிள், மீன்பெட்டி, டியூசன் பிள்ளைகள்
எல்லாவற்றையும் மண்டூரில் இறக்கிவிட்டு
மறுகா வரும்.

அதையே கேமாகச் செய்யலாம் என்று நினைத்தேன்.
நீலச் செவ்வகம் வாவி.
மண்ணிறச் செவ்வகம் பாதை.
ஆட்களுக்கு இன்னும் கால் கீறவில்லை.

லாப்டொப் கிடையாது, ஃபோனில்தான் எழுதுகிறேன்.
கீபோர்ட் எழும்பினால் பாதித் திரை போய்விடும்,
மூன்று வரிதான் தெரியும்,
நாலாவதை மனதில் வைத்திருக்க வேண்டும்.
விழுந்து வெடித்த வலது மூலை தொட்டால் கேளாது.
ஆகவே என் கேமில் எல்லாப் பொத்தானும் இடப்பக்கம்.
களுவாஞ்சிகுடியில் இருந்து வரும் யதுர்ஷி
தன் புது ஃபோனில் ஏற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:
"என்னகா, நீ இடக்கையா?"

தமிழில் 'ஆல்' வினையின் வாலில் ஒட்டிவரும்.
மழை பெய்தால். சம்பளம் கிடைத்தால்.
மழை என்றும் சம்பளம் என்றும் கேட்கும்வரை
கொஞ்சம் நம்பிக்கொண்டிருக்கலாம்.
கோடில் இஃப் முதலாவது.
வாய் திறக்கும்போதே சந்தேகம்.
அது பழக எனக்கு ஒரு கிழமை.

லூப் மட்டும் உடனே விளங்கியது.
வீடியோவில் அந்த ஆள் வட்டம் வட்டமாக அம்புக்குறி கீறி
ஆங்கிலத்தில் களைத்துப்போனார்.
நான் கொப்பியில் ஒரு சொல் எழுதி மூடிவைத்தேன்:
மறுகா.
மறுகா என்ன நடந்த, மறுகா அவர் வந்தாரா,
மறுகா சோறு திண்டதா.
எங்கள் பக்கம் கதைக்குள் மூச்சுவிடும் இடமெல்லாம் அதுதானே.

பாதை ஓடிய முதல் நாள்
அது மண்டூரில் நிற்கவில்லை.
துறைக்குள்ளால் புகுந்து, மரத்துக்குள்ளால் புகுந்து,
திரையின் விளிம்பில் இறங்கிப்
போய்விட்டது.
எங்கே என்று பார்க்க எண்ணை எழுதவிட்டேன்.
எக்ஸ் தொள்ளாயிரம். எக்ஸ் இரண்டாயிரம்.
எக்ஸ் ஏழாயிரத்து நானூறு.
அதே மூன்று மோட்டார் சைக்கிளோடு
இன்னும் போய்க்கொண்டிருந்தது.
கரை என்று ஒன்று இருப்பதை
நான் அதற்குச் சொல்லவே இல்லை.

சொல்ல நாலு நாள் எடுத்தது.
அதற்குள் டேட்டா ஒருமுறை முடிந்தது,
கரண்ட் இரண்டுமுறை போனது.
கடைசியில் பார்த்தால், பெரிது என்ற அடையாளத்தை
வாய் மறுபக்கம் திருப்பி வைத்திருந்திருக்கிறேன்.

தம்பி கோபிஷன் ஐந்து நிமிடம் விளையாடினான்.
"இதில எங்க சாகிற?"
"சாகிறதில்ல."
"அப்ப என்ன கேம் இது."

வாவியில் முதலை விட்டேன்.
மேலே மூன்று சிவப்புப் புள்ளி.
உயிர் சமன் மூன்று, செமிகோலன்.

கார்மெண்ட்ஸ் பஸ்ஸில் இறங்கி வந்த அம்மா
சப்பாத்தைக் கழற்றாமலே வாங்கிப் பார்த்தா.
மிக மெதுவாக, முதலைக்கு வழிவிட்டு வழிவிட்டு,
ஒரு புள்ளி மட்டும் போக
மண்டூரில் கட்டினா.
"மிச்சம் ரெண்டையும் என்ன செய்யிற?"
"ஒண்டும் இல்ல. சும்மா இருக்கும்."
"அடுத்ததா ஏறுற ஆளுக்குக் குடுக்க ஏலாதா?"
கேட்டுவிட்டு முகம் கழுவப் போய்விட்டா.

தேடிப் பார்த்தேன்.
உயிரைக் கூட்டக் கோட் இருக்கிறது, குறைக்க இருக்கிறது.
கைமாற்ற நான்தான் எழுத வேண்டும்.
வரி நாற்பத்தொன்றில் எரர். அடைப்பு மூடவில்லை.
மூடினேன். சிவப்பு போனது. ஓடவிட்டேன்.
புள்ளி இரண்டும் துறையில் இறங்கி
தண்ணீர்மேல் நகர்ந்து
ஒன்று அடுத்த பயணிக்கு.
மற்றது முதலைக்கு.

யாருக்கு என்று நான் எழுதியிருக்கவில்லை.

இப்போது இரவு பதினொன்றேகால்,
சார்ஜ் ஒன்பது வீதம்.
இரண்டு உயிருள்ள முதலை ஒன்று
வாவியின் நடுவில் வட்டமடிக்கிறது.
திருத்துவதா விடுவதா என்று
பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.