பன்னிரண்டாம் எண்

பெர்லினில், எங்கள் அமைச்சகத்தின் பழைய கட்டடத்தில்
கதவில்லாத லிஃப்ட் ஒன்று
நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும்.
ஏறுகிறவர் கணம் பார்த்து ஏற வேண்டும்,
இறங்குகிறவரும் அப்படியே.
வேலைக்கு வந்த புதிதில் பலமுறை தவறவிட்டிருக்கிறேன்.
இப்போது கோப்பும் காப்பியுமாகத் தாவிவிடுகிறேன்.

வியாழன். நான்காம் மாடி.
மேசையில் இருபத்தேழு பெயர்கள்.
ரொட்டிக்குத் தடையில்லை, மருந்துக்கில்லை,
பள்ளிக்கூடத்துச் சுண்ணக்கட்டிக்கு இல்லை.
இருபத்தேழு பேரின் கணக்குகளுக்கு மட்டும்,
விமானப் படியில் வைக்கும் அவர்கள் கால்களுக்கு மட்டும்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு
என்கிற கணக்கு.

என் வேலை எழுத்துப் பார்ப்பது.
பன்னிரண்டாம் எண்ணுக்கு உரியவன்
அந்த நாட்டுச் சிறைகளுக்குப் பொறுப்பாளன்.
அவன் பெயரின் நடுவில்
தொண்டைக்கு அடியில் பிறக்கிற ஓர் ஒலி.
லண்டன் அதைக் ககரமாக்கியிருக்கிறது.
பாரிஸ் மூச்சோடு விட்டுவிட்டது.
நாங்கள் ஜெர்மானியர்,
இரண்டு எழுத்து செலவழித்திருக்கிறோம்.
வங்கியின் கணினிக்குத் தொண்டை கிடையாது.
மூன்று எழுத்துக்கு மூன்று ஆள் என்று நினைத்து
மூவரையும் வணங்கி உள்ளே விடும்.

எனக்குத் தெரியும் இது.
எழிலி என்றால் மேகம்.
பாஸ்போர்ட்டில் நான் எலிலி.
அப்பாவின் அகதி விண்ணப்பத்தில் எட்சிலி.
அவர் மகள்தான் நான் என்று
டோர்ட்முண்டில் ஓர் அலுவலர் நம்புவதற்கு
ஒரு ழகரத்தைப் பிடித்துக்கொண்டு
பதினோரு மாதம் நின்றோம்.
எங்களை வெளியே நிறுத்திய அதே பிழை
இவனுக்குக் கதவு திறக்கிறது.

பென்ஹாலோ நனைந்த குடையோடு வந்திருந்தார்.
மதாம் வெய்ரா பாரிஸின் திருத்தங்களைப்
பச்சை மையில் கொண்டுவந்தார்.
ஒட்டாவா திரையில். அங்கே விடிகாலை நாலு மணி,
பேசிய பெண்ணின் பின்னால்
ஒரு குழந்தை தண்ணீர் கேட்டு வந்து நின்றது.

பேச்செல்லாம் நேரத்தைப் பற்றி.
பெர்லினில் மூன்று, லண்டனில் இரண்டு,
எல்லோருக்கும் ஒரே நிமிடம்.
ஒருவர் முந்தினால் போதும்,
அடுத்தவர் வாசல் வழியாகப் பணம் ஊரைக் கடந்துவிடும்.
ஹம் நகரத்துக் கோயிலில் தேர் பார்த்திருக்கிறேன்.
வடத்தில் நூறு கை இருக்கலாம்,
திருப்பத்தில் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பவன் ஒருவன்தான்.
முட்டுக்கட்டை என்றால் தடை என்று மட்டும் நினைப்பவர்கள்
தேர் இழுத்ததில்லை.

மதியச் சாப்பாட்டின்போது
பத்தொன்பதாம் எண் காணாமல் போனான்.
சிமெண்ட் வியாபாரி.
யார் கேட்டார்கள் என்று குறிப்பில் இருக்காது.
ஏதோ ஒரு தலைநகரின் ஓரத்தில் அவனுக்கொரு ஆலை,
எண்ணூறு பேர் வேலை, அடுத்த மாதம் தேர்தல்.
பிறகு பார்க்கலாம் என்றார்கள்.
"பிறகு" என்கிற சொல்
மூன்று மொழியிலும் மிருதுவாகவே இருந்தது.
யாரும் குரல் உயர்த்தவில்லை.
உருளைக்கிழங்கு சாலட் நன்றாக இருந்தது.

எண்களை ஒன்றொன்றாக மேலே ஏற்றினேன்.
இருபது பத்தொன்பதானான்.
அப்போதுதான் பார்த்தேன்,
பின்னிணைப்பில் ஒரு மருந்துக்கடைக்காரரின் வாக்குமூலம்:
அறையின் சுவர் புதிது,
சாய்ந்தால் முதுகில் ஈரம் ஒட்டியது,
மூலையில் கிடந்த காலி மூட்டையில்
இன்னாருடைய பெயர் அச்சடித்திருந்தது.
"காண்க: எண் 19."
இப்போது பத்தொன்பது வேறொருவன்,
அவன் மூட்டை விற்றவனல்ல.
பொருந்தாத குறிப்பை நீக்குவதும் என் வேலையில் சேரும்.
நீக்கினேன்.
சுவரும் போனது, முதுகும் போனது.

சரியாக மூன்று மணிக்கு
மூன்று எழுத்தும் ஓர் ஆளாயின.
"எனவும் அழைக்கப்படுபவர்" என்று இரண்டு முறை சேர்த்திருந்தேன்.
ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து போன் வந்தது:
பன்னிரண்டாம் எண்ணின் கணக்கு முடங்கியது,
அரை மணி தாமதித்திருந்தால் துபாய் போயிருக்கும்.
பென்ஹாலோ கை குலுக்கினார். கை சூடாக இருந்தது.
எனக்கு மகிழ்ச்சிதான், பொய் சொல்லவில்லை.

நாலரைக்கு லிஃப்ட்டின் முன்னால் நின்றேன்.
காலியாக ஒரு பெட்டி இறங்கிப் போனது.
கையிலிருந்த தாளை மடித்தேன், விரித்தேன்.
இன்னொன்று போனது.
அடுத்ததில் ஏறிவிடலாம் என்று பார்த்தேன்.
அதையும் விட்டேன்.