தொண்ணூற்றாறாம் பக்கம்

எட்டாவது நாவலிலும் டாக்டர் நப்பின்னை
தொண்ணூற்றாறாம் பக்கத்தில்
கையுறையைக் கழற்றிவிட்டுச் சொல்கிறாள்:
"இவன் பேர் தெரிஞ்சிடுச்சு, இன்ஸ்பெக்டர்."
அதுதான் கடைசிப் பக்கம்.
அதற்குமேல் அச்சகத்தில் ஃபாரம் இல்லை.

ஆலந்தூர் அமுதோன் ஆடியில் ஒருமுறை, தையில் ஒருமுறை
எங்கள் கூடத்துக்கு வருவார்.
கையில் மசால் வடை.
அலமாரிகளுக்கு முதுகு காட்டித்தான் தின்பார்.
"எத்தனை மணிக்குச் செத்தான்னு சொல்லிடலாமா மேடம்?"
எலும்புக்கு மணி தெரியாது சார்,
எத்தனை மழை போச்சென்று
சில சமயம் தெரியும்.
அவர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.
நாவலில் இரவு பதினொன்றேகால் என்று வந்தது.

நப்பின்னைக்குக் குதிகால் உயர்ந்த செருப்பு,
ஏசி அறை, பின்னாலேயே ஓடும் உதவியாளன்.
இங்கே ஃபேன் போட்டால் லேபிள்கள் பறக்கும்.
கல்யாண வீட்டில் யாராவது
"எலும்பு டாக்டரா? அம்மாவுக்கு மூட்டு வலி" என்பார்கள்.
அவளுக்கு எலும்புகள் சொத்துத் தகராறிலிருந்து வரும்.
எனக்குப் பள்ளிக்கரணைச் சேற்றிலிருந்து,
கூவத்தில் தூர் வாரும் எந்திரத்தின் பல்லிலிருந்து,
அரிசிச் சாக்கில், தக்காளிக் கூடையில்,
ஒருமுறை ஹெல்மெட்டுக்குள்.

ஐந்தாவது நாவலுக்கு அடையாளம் ஒன்று கேட்டார்.
"உங்க கேஸ்ல இருந்தே குடுங்களேன்."
பெட்டிகளைப் பார்த்தேன்.
எடுத்துக் கொடுக்க மனசில்லை.
என்னுடையதைக் கொடுத்தேன்:
ஒன்பது வயதில் பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸ்
மதிலிலிருந்து விழுந்து
இடது மணிக்கட்டுக்குச் சற்று மேலே முறிந்து
கட்டியவர் சரியாகக் கட்டாததால்
கோணலாகவே கூடிக்கொண்ட எலும்பு.

காசிமேட்டிலிருந்து தேசம்மா வந்தார்,
நாவலைச் சுருட்டி இடுப்பில் செருகி.
"அறுபத்தி மூணாம் பக்கம். படி."
படித்தேன்.
"எந்தம்பி கை இது. டில்லிபாபு.
ஐஸ் பொட்டி மேல வுயுந்து கோணிக்கினு போச்சு.
பதினோரு வருசமா ஆளக் காணோம்.
எய்தினவரு எங்க பாத்தாராம்?"
இது கதைம்மா, என்றேன்.
"கதைக்கு ஏது கை?"

நப்பின்னையாக இருந்தால்
இன்னும் முப்பத்து மூன்று பக்கம் மிச்சமிருக்கும்.

பதினோரு வருஷக் கணக்குக்குள் வரும் ஆண்கள்
நாலு பெட்டி.
நாலும் எனக்கு மனப்பாடம்,
யாருடைய கையிலும் கோணல் கிடையாது.
ஆனாலும் இறக்கினேன்.
அவரே பார்க்கட்டும்.
முதல் பெட்டியில் அவர் எதுவும் கேட்கவில்லை.
இரண்டாவதில், "இது சின்னப் புள்ள" என்றார்.
சரியாகத்தான் சொன்னார், பதினேழு வயது.

மூன்றாவதை மூடும்போது
என் வளையல் மேலே ஏறியது.
மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.
செவுள் தூக்கிப் பார்த்தே தேய்ந்த கட்டைவிரல்
அந்த மேட்டின் மேல் போனது, வந்தது,
மறுபடி போனது.

என்னிடம் கேட்பார் என்று இருந்தேன்.
கேட்கவில்லை.
"இப்டித்தான்மா இருக்கும்" என்றார்,
கையை விடாமல்.

நாலாவது பெட்டி
மேஜைமேல் மூடியே இருந்தது.